கைகளுக்குக் கல்வி தந்த மாண்டிசோரி அம்மையார்

இறைவன் மனிதனுக்கு அருளிய கொடைகளுள் கைகள் தலைசிறந்தவை. கையால் எழுதுகிறோம், ஊசியில் நூல் கோக்கிறோம், தலை பின்னுகிறோம், ஆர்மோனியம் வாசிக்கிறோம், செபமாலையின் மணிகளை உருட்டுகிறோம். இவற்றை எல்லாம் நாம் எண்ணிப் பார்த்துச் செய்வதில்லை. கை தானாகவே செய்வதுபோல் தோன்றுகிறது.

ஆனால் தையல் வகுப்பை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நாற்பது மாணவியர் ஒரே ஆசிரியையிடம், ஒரே வகை ஊசியும் நூலும் கொண்டு கற்கின்றனர். ஒருத்தியின் கைக்குட்டையில் தையல் எறும்பு வரிசைபோல் நேராகச் செல்கிறது. அடுத்தவளின் கைக்குட்டையோ சுருங்கிக் கசங்கி, நூல் முடிச்சு விழுந்து, விரலில் ஊசி குத்திய இரத்தக் கறையுடன் நிற்கிறது. ஏன் இந்த வேறுபாடு? அவள் சோம்பேறியா? அறிவில் குறைந்தவளா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை நாம் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் படிப்பும்

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகே கியாரவாலே என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மரியா பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மகள். தந்தை அரசு அலுவலர். தாய் நூல்களை விரும்பிப் படித்தவர். 1875-ஆம் ஆண்டில் குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் பெண்கள் படித்தால் ஆசிரியையாகலாம் என்பதே வழக்கம். மரியாவோ கணக்கில் நாட்டம் கொண்டு ஆண்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் படிக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தாயோ மகளுக்குத் துணை நின்றார். 1890-ஆம் ஆண்டில் ரோம் பல்கலைக்கழகத்தில் அறிவியல் மாணவியாகச் சேர்ந்து, மூன்றாண்டுகளில் மருத்துவப் பிரிவுக்குள் நுழைந்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்து ஆராய்வது தகாது என்று கருதப்பட்டதால், வகுப்பு முடிந்து எல்லாரும் சென்றபின் தனியாக அக்கூடத்தில் நின்று அவர் கற்க வேண்டியிருந்தது. இவ்வளவையும் தாங்கி 1896-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களின் வரிசையில் அவரும் ஒருவரானார்.

எதையும் பற்றாத கைகள்

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவ நிலையத்தில் அவர் பணியாற்றினார். அதன்பொருட்டு ரோமாபுரியின் மனநோயாளர் இல்லங்களுக்குச் செல்வதுண்டு. அந்நாளில் மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளையும் அங்கேயே அடைத்து வைத்திருந்தனர். வெறும் சுவர்களுக்கு நடுவே, விளையாட ஒரு மரத்துண்டுகூட இல்லாமல் அப்பிள்ளைகள் கிடந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் ஊர்ந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். காவல் செய்த பெண் அதைப் பேராசை என்று வெறுத்தாள். மாண்டிசோரி அம்மையாருக்கோ அது வேறாகத் தோன்றியது. அப்பிள்ளைகளின் கைகளுக்குப் பற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே கிடைத்ததைத் தேடுகின்றன என்று அவர் உணர்ந்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அன்று முதல் அவர் நூலகங்களில் தேடினார். காது கேளாதோருக்கும் மனவளர்ச்சி குறைந்தோருக்கும் கல்வி தந்த இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்கள் கிடைத்தன. புலன்களையும் தசைகளையும் முறையாகப் பழக்கினால் அப்பழக்கம் நரம்புகள் வழியே மூளையை எழுப்பும் என்பது செகேனின் கொள்கை. அந்நூல்களை அம்மையார் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிப் படியெடுத்தார். அச்சு இயந்திரம் வருமுன் பெனடிக்ட் சபைத் துறவிகள் நூல்களைப் படியெடுத்தது போலவே, ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானித்து உணர வேண்டும் என்பதற்காக அவர் அப்படிச் செய்தார்.

1900-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் இத்தகைய பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநர் இருவருள் அம்மையாரும் ஒருவர். பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருந்து கற்பிப்பார். இரவில் கண்டவற்றை எழுதி வைப்பார்.

தைக்க முடியாத சிறுமி

அம்மையார் கற்பித்த பிள்ளைகளுள் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் கைகளில் வலிமைக்குக் குறைவில்லை, அசைவிலும் ஊனமில்லை. ஆயினும் தையல் மட்டும் வரவில்லை. துணியின் இழைகளுக்கு மேலும் கீழுமாக மாறி மாறி ஊசியை ஓட்டும் முதற்படிகூட அவளுக்குக் கைகூடவில்லை.

வேறொருவராக இருந்தால் மீண்டும் மீண்டும் அதே தையலைக் கொடுத்துப் பார்த்திருப்பார். அல்லது இவளுக்கு வராது என்று விட்டிருப்பார். அம்மையார் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, காகிதப் பாய் பின்னக் கொடுத்தார். நிலையாக நிற்கும் தாள் கீற்றுகளின் ஊடே மற்றொரு கீற்றை மேலும் கீழுமாக நுழைத்துச் செல்லும் பின்னல் அது. பாலர் பள்ளியைத் தோற்றுவித்த பிரோபெல் என்னும் ஜெர்மானியர் வகுத்த பயிற்சி. கீற்று அகலமானது, கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கையைக் குத்தாது. சிறுமி அதில் தேர்ச்சி பெற்றாள். பிறகு அம்மையார் அவளை மீண்டும் தையலுக்கு அழைத்து வந்தார். இப்போது அவளால் தைக்க முடிந்தது!

இச்சிறு நிகழ்ச்சி அம்மையாருக்குப் பெரிய பாடமாயிற்று. ஒரு செயலைச் செய்யச் சொல்லுமுன், அச்செயலுக்குரிய அசைவுகளை வேறொரு எளிய வேலையால் கைக்குள் ஆயத்தம் செய்துவிடலாம் என்று அவர் கண்டார். அதன்பின் அவருடைய தையல் வகுப்புகள் எல்லாம் பின்னலிலிருந்தே தொடங்கின.

நரம்புகள் செய்யும் பணி

அச்சிறுமியின் கையில் வலிமை இருந்தும் திறமை இல்லாமற் போனது ஏன் என்பதை இன்றைய அறிவியல் தெளிவாக விளக்குகிறது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுபோன்ற தசைநாண்கள் விரல்களை இழுக்கின்றன. எந்தத் தசை, எப்போது, எவ்வளவு சுருங்க வேண்டும் என்று கட்டளையிடுவது மூளை. அக்கட்டளை தண்டுவடம் வழியாக இறங்கி நரம்புகளின் மூலம் தசையை அடைகிறது. வலக் கைக்கு மூளையின் இடப் பாதியும், இடக் கைக்கு வலப் பாதியும் ஆணையிடுகின்றன.

கட்டளை போனால் மட்டும் போதாது. செய்தி திரும்பியும் வர வேண்டும். தோலும் தசையும் மூட்டும், கை இப்போது எங்கே இருக்கிறது, ஊசியை எவ்வளவு அழுத்துகிறது என்று நொடிதோறும் மூளைக்குத் தெரிவிக்கின்றன. எண்ணிய அசைவுக்கும் நடந்த அசைவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுமூளை கண்டு திருத்துகிறது. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அதற்குரிய நரம்பணுக்களின் இணைப்பு வலுப்படுகிறது. நரம்பிழையின் மேல் கொழுப்பாலான உறை படியப் படியச் செய்தி விரைந்து ஓடுகிறது. ஒற்றையடிப் பாதை நடக்க நடக்கச் சாலையாவது போன்றது இது.

கனடா நாட்டு மூளை அறுவை மருத்துவர் பென்பீல்டு, மூளையின் எப்பகுதி எவ்வுறுப்பை அசைக்கிறது என்று 1930-களில் ஆராய்ந்து படம் வகுத்தார். முதுகு முழுவதற்கும் சிறிதளவு இடமே இருக்க, கைக்கும் முகத்துக்கும் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கையும் மூளையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று மாண்டிசோரி அம்மையார் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அறிந்ததற்கு இது நல்ல துணையாக அமைந்தது.

பாலர் இல்லம்

அம்மையாரிடம் பயின்ற பிள்ளைகள் சிலர், மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வில் அமர்ந்து எழுதவும் படிக்கவும் தேர்ச்சி பெற்றனர். எல்லாரும் வியந்து பாராட்டினர். அம்மையாரோ வேறொன்றை நினைத்துக் கவலையுற்றார். நலமுள்ள பிள்ளைகள் இவர்களோடு ஒப்பிடும் அளவில்தான் இருக்கிறார்கள் என்றால், அவர்களுடைய பள்ளியில் எங்கோ குறை இருக்க வேண்டுமல்லவா?

அதை ஆராயும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. ரோமாபுரியின் சான் லொரென்சோ ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் புதிதாகக் கட்டிய குடியிருப்பின் சுவர்களையும் படிகளையும் பாழாக்கினர். அவர்களைப் பார்த்துக்கொள்ள அம்மையாரை அழைத்தனர். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, அங்கே பாலர் இல்லம் திறக்கப்பட்டது. சுமார் ஐம்பது பிள்ளைகள் அழுத கண்ணும் மிரண்ட பார்வையுமாக வந்து சேர்ந்தனர்.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரத்தாலான உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். சிறு குமிழை மூன்று விரல்களால் பற்றி எடுப்பாள், பொருத்துவாள், கலைத்துவிட்டு மீண்டும் தொடங்குவாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின் தானாகவே நிறுத்தி, உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் சுற்றிலும் பார்த்தாள். எவரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, பரிசும் காட்டவில்லை. வளரும் நரம்புகளே அப்பயிற்சியை வேண்டின என்று அம்மையார் கொண்டார்.

மற்றொரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். கைக்குட்டையை மடித்துப் பிறர் கவனியாதபடி மெதுவாகச் சிந்திக் காட்டினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். பிள்ளைகளோ கைதட்டி ஆர்ப்பரித்தனர். அதுவரை மூக்கு ஒழுகுவதற்காக அவர்களை எத்தனையோ பேர் ஏசியிருந்தனர். எப்படிச் சிந்துவது என்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை! பொத்தான் போடவும், நாடா முடியவும், தரையில் வரைந்த கோட்டின்மேல் அடி பிசகாமல் நடக்கவும், நீர் நிறைந்த குவளையைச் சிந்தாமல் ஏந்தவும் அங்கே பயிற்சி இருந்தது.

முதல் எழுத்து

எழுதுவதையும் அம்மையார் தையலைப் போலவே பகுத்துப் பார்த்தார். எழுதுகோலைப் பிடித்து ஆளுவது ஒன்று. எழுத்தின் வடிவத்தை அறிவது மற்றொன்று. உருளைகளின் குமிழைப் பற்றிப் பற்றி மூன்று விரல்கள் பழகின. உலோக வடிவங்களின் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து, உள்ளே வண்ணம் நிரப்பிக் கை உறுதி பெற்றது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவி, கண் மூடினாலும் அசைவு நினைவில் நின்றது.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள் வெயில் நன்றாக இருந்தது. பிள்ளைகளோடு மாடித் தளத்தில் அமர்ந்திருந்த அம்மையார், ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் அதை நன்றாகவே வரைந்தான். அம்மையார் பாராட்டினார். அவன் சற்றுத் தயங்கி, எழுத வருகிறது என்று மகிழ்ச்சியில் கூவி, மண்டியிட்டு ஒரு சொல் எழுதினான். அவன் எழுதிய முதல் சொல் கை என்பதே! அடுத்துப் புகைபோக்கி என்றும் கூரை என்றும் எழுதினான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டனர். அதுவரை எழுதியே அறியாத பிள்ளைகள், ஆயத்தமான கைகளால் முதன்முறையாக முழுச் சொற்களை எழுதினர்.

எல்லாரும் ஒரே நாளில் எழுதிவிட்டார்களா? இல்லை. முதற்பயிற்சியிலிருந்து முதற்சொல் எழுதும் வரை நான்கு வயதினருக்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை ஆயிற்று. ஐந்து வயதினருக்குச் சுமார் ஒரு மாதம். ஒரு பிள்ளையோ 20 நாட்களில் எல்லா எழுத்துகளையும் எழுதியது. இந்த வேறுபாட்டை அம்மையார் குற்றமாகக் கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தம் வேகத்தில் செல்ல விட்டார். ஆயத்தமாகாத கையை எழுதச் சொல்லி வருத்தவில்லை.

கன்னியர் மடத்தில்

1908-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் மெஸ்ஸினா நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. இடிபாடுகளில் தனியே கண்டெடுக்கப்பட்ட சுமார் அறுபது சிறு பிள்ளைகளை ரோமாபுரியில் மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபைச் சகோதரிகள் தம் மடத்தில் ஏற்றனர். 1877-ஆம் ஆண்டில் நம் உதகமண்டலத்தில் தோன்றிய சபை அது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. அப்பிள்ளைகள் பேசவில்லை, உண்ணவில்லை, இரவில் அலறினர். அதிர்ச்சி அவர்கள் நரம்புகளை ஒடுக்கியிருந்தது. சகோதரிகள் அம்மையாரின் முறையில் அவர்களுக்குப் பொறுமையோடு பயிற்சி தந்தனர். நாளடைவில் பசியும் உறக்கமும் திரும்பின. மேசை நாற்காலிகளைத் தோட்டத்து மரநிழலுக்குத் தூக்கிச் சென்றும், ஒன்றையும் உடைக்காமல், ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் அவர்கள் ஓடியாடினர். அன்பும் அமைதியும் இருக்கும் இடத்தில்தான் கையும் காலும் சீராக இயங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டில் அம்மையார்

1939-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, தம் மகன் மாரியோவுடன் அம்மையார் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த வகுப்பில் 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயின்றனர். 1940-ஆம் ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மாரியோவைப் பகைநாட்டவர் என்று காவலில் வைத்தது. அம்மையாரும் அடையாறு எல்லையை விட்டு வெளியேற இயலவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அதற்குப் பரிசாக மாரியோவை விடுவித்தார் வைசிராய். பின்னர்க் கொடைக்கானல் மலையில் தங்கியும் அம்மையார் பிள்ளைகளிடையே பணி செய்தார். 1949-ஆம் ஆண்டில் அவருடைய புகழ்பெற்ற நூல் ஒன்று சென்னை அடையாற்றிலேயே வெளியாயிற்று. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் உள்ளம் சுற்றுப்புறத்தை எவ்வாறு உறிஞ்சிக் கொள்கிறது என்பதே அதன் பொருள்.

1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் நூர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் பழமொழி. இளமையில் நரம்புகள் எளிதில் பழகும் என்பது உண்மையே. ஆயினும் மூளை முதுமையிலும் புதிய இணைப்புகளை உண்டாக்குகிறது என்று இன்று அறிகிறோம். ஐம்பதிலும் வளையும், கூடுதல் பொறுமை வேண்டும், அவ்வளவே.

இன்னொன்றும் அறிகிறோம். பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேருக்கு, அறிவில் குறைவின்றியும், கைகால் அசைவுகளை ஒருங்கிணைப்பது இயல்பிலேயே கடினமாக இருக்கிறது. அவர்கள் கையெழுத்து கோணலாகும், பந்து நழுவும், குவளை கவிழும். நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர் இடக் கைப் பழக்கத்துடன் வளர்கின்றனர். இவர்களைக் கேலி செய்வதும் பிரம்பால் அடிப்பதும் நரம்புக்கு வழி காட்டாது. அச்சத்தால் கை மேலும் நடுங்கும். வேலையைச் சிறு சிறு பகுதிகளாக்கிக் கொடுத்து, அவர்கள் பழகும் வரை காத்திருந்தால் பலன் கிடைக்கும்.

பெற்றோரே, உங்கள் மகளின் கையெழுத்தை அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையெழுத்தோடு ஒப்பிடாதீர்கள். அவள் சென்ற மாதம் எழுதியதோடு ஒப்பிடுங்கள். மாணவியரே, உங்கள் அருகில் அமர்ந்திருப்பவளின் தையல் கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள். உங்களுக்கு எளிதாக வந்தது இறைவன் தந்த கொடை. அவளுக்கு அரிதாக வருவது அவள் செய்த குற்றமன்று. முடிந்தால் அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுங்கள். நூலோட்டத்தை மெதுவாக, அவள் கண்ணுக்குத் தெரியும்படி ஒருமுறை செய்து காட்டுங்கள். பதினொரு வயதுச் சிறுமிக்கு மாண்டிசோரி அம்மையார் செய்த உதவியை நாமும் நம் வகுப்பறையில் செய்ய முடியும்.